பதினேழு ராஜாக்களும் ஒரு குடிமகனும்

எங்கள் ஊர்க் கோயிலைப் பூட்டி அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. அதில் சாமியின் குற்றம் எதுவும் இல்லை. திருவிழாவில் முதல் பரிவட்டம் மேலத்தெருவுக்கா, கீழத்தெருவுக்கா என்று பேச்சு வந்தது. பேச்சு முடிவதற்குள் தாசில்தார் ஜீப்பில் வந்து கதவுக்கு ஒரு பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு தெருக்காரர்களும் ஒரே பாட்டன் வழி வந்த பங்காளிகள்தான். அந்தப் பாட்டன் ஒரு மகனோடு நிறுத்தியிருந்தால் சாமிக்கு இன்றைக்கும் பொங்கல் கிடைத்திருக்கும்.

கோயில் போன பிறகு, எழுமலைக்குப் பக்கத்து ஆண்டிக்கரைப்பட்டியில் மரியாதையைக் கேட்டு வாங்குவதற்கு மிச்சமிருந்த ஒரே இடம் ஆரம்பப் பள்ளிக்கூடம்.

பெற்றோர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று கல்வி இலாகா ஊர் ஊராகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊரில் பிள்ளைகள்தான் சில நாள் வர மாட்டார்கள். பெற்றோர்கள் தவறாமல் வந்துவிடுவார்கள்.

மேலத்தெருவுக்கு உக்கிரபாண்டி. கீழத்தெருவுக்குக் காளை. கொடுத்து எடுத்த உறவில் இரண்டு பேருமே எனக்கு மாமா. அதனால் நான் எந்தத் தெருவிலும் சேர்த்தி இல்லை; இரண்டு தெருவிலும் ஏச்சு வாங்கலாம். உக்கிரபாண்டி மாமாவின் மகன் மருதுவும், காளை மாமாவின் மகன் சோலையும் ஐந்தாம் வகுப்பு. ஒரே கோலிக்குண்டை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிற சிநேகிதம். அவர்களுக்குள் சண்டையே கிடையாது. அந்த வேலையைப் பெற்றோர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

வருகைப் பதிவேட்டில் சோலையின் பெயர் மருதுவின் பெயருக்கு முன்னால் இருக்கிறது என்று ஒருநாள் உக்கிரபாண்டி மாமா வந்து நின்றார்.

"அகர வரிசைண்ணே. ச-வுக்குப் பெறகுதான ம வரும்" என்று டீச்சர் சொன்னார்.

"அந்த வரிசைய யாரு போட்டது?"

"அது ரொம்பப் பழசுண்ணே."

"கீழத்தெருக்காரன் எவனாச்சும் போட்டிருப்பான்."

மறுநாளிலிருந்து ஒருநாள் மேலிருந்து கீழாகவும் ஒருநாள் கீழிருந்து மேலாகவும் பெயர் வாசிக்கப்பட்டது.

இதையெல்லாம் சமாளித்தவர் சீதாலட்சுமி டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் இரண்டே பேர். மற்றவர் தலைமை ஆசிரியர் கண்ணுச்சாமி; ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது, ஆனால் அவர் அதற்குள் ஓய்வைத் தொடங்கிவிட்டார். டீச்சர் மதுரை செல்லூர்க்காரர், வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவர். கோபம் எல்லை மீறினால் மட்டும் தன் பாஷையில் இரண்டு வார்த்தை முணுமுணுப்பார். என்ன அர்த்தம் என்று கேட்டால், "நல்லா இருங்கன்னு சொன்னேன்" என்பார். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

கணவர் ஹரிராமுக்குச் செல்லூரில் தறி. டீச்சர் எழுமலையில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் மதுரைக்குப் பஸ் ஏறுவார். மகள் சூடாமணிக்கு ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பு.

"ஊர்ப் பிள்ளைக எல்லாத்துக்கும் மூக்குச் சிந்தி விடுறேன் தம்பி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "எம் பொண்ணு போன வாரம் என்னையப் பாத்து, 'எப்ப வந்தீங்க, எப்பக் கெளம்புறீங்க'ன்னு கேக்குறா. விருந்தாளியக் கேக்குற மாதிரி. பள்ளிக்கூடத்துல சேக்குற அன்னைக்காவது கையப் புடிச்சு நான் கூட்டிட்டுப் போகணும்."

அதற்கு வழி இருந்தது. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் காலியாகிறது. செல்லூரிலிருந்து தினமும் போய்வரலாம். மகளையும் அங்கேயே சேர்த்துவிடலாம். இன்ஸ்பெக்டர் 'அனுப்பலாம்' என்று ஒரு வரி எழுதினால் போதும். போலீஸ் இன்ஸ்பெக்டர் அல்ல, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். இதைத் தெளிவாகச் சொல்லக் காரணம், போன வருடத்து ஆண்டு விழாவுக்கு இரண்டு இன்ஸ்பெக்டர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் முதல் நாற்காலி என்பது இடமிருந்து முதலா, வலமிருந்து முதலா என்று ஒரு சந்தேகம் எழுந்து, நாற்காலிகளும் எழுந்துவிட்டன. அவற்றில் பாதி இன்னும் உசிலம்பட்டி ஸ்டேஷனில் சாட்சியாக இருக்கின்றன. வாடகைக்கு விட்டவர் வாரம் ஒரு தடவை கண்ணுச்சாமி வாத்தியாரைப் பார்த்து நலம் விசாரிப்பார்.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் டீச்சரிடம் இவ்வளவுதான் சொன்னார்: "இந்த வருஷ விழா ரகளை இல்லாம நடக்கட்டும்மா. அப்புறம் எழுதுறேன்."

அது சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு. விழாவில் பெற்றோரின் பங்கேற்பு அவசியம் என்று சுற்றறிக்கை வேறு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டுக் கண்ணுச்சாமி வாத்தியார் அன்று பகல் முழுவதும் தூங்கவில்லை.

நான் மதுரையில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருடம். பரீட்சைக்குப் படிக்க விட்ட லீவில் ஊருக்கு வந்திருந்தேன். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி நாடகம் போட்டு வார்டனிடம் மன்னிப்பு எழுதிக் கொடுத்தவன் என்ற தகுதியைப் பார்த்து, நாடக வசனத்துக்கு உதவி செய்யும்படி டீச்சர் கூப்பிட்டார். கதையை அவரே யோசித்து வைத்திருந்தார். இரண்டு ராஜாக்கள் சண்டை போடுகிறார்கள். ஒருவர் தோற்று, ஜெயித்தவர் காலில் விழுகிறார். ஜெயித்தவர் தூக்கி நிறுத்தி நாட்டைத் திருப்பிக் கொடுக்கிறார். மன்னிப்பின் பெருமை. மருது கொஞ்சம் உயரம் என்பதால் ஜெயிக்கிற ராஜா. சோலை தோற்கிற ராஜா.

மறுநாள் காலைப் பிரார்த்தனைக்கு முன்னால் காளை மாமா வந்துவிட்டார்.

"என்ன டீச்சர், எம்மவன் தோக்குறானாம்ல?"

"நாடகம்தானண்ணே."

"நாடகந்தேன். எம்புட்டுப் பேரு பாப்பாக?"

"ஊரே பாக்கும்."

"ஊரு பாக்கத் தோக்கணுமாக்கும். நாங்க கோர்ட்டுலயே இன்னும் தோக்கல டீச்சர்."

டீச்சர் வேஷத்தை மாற்றினார். சோலை ஜெயிக்கிற ராஜா, மருது தோற்கிற ராஜா. மத்தியானம் உக்கிரபாண்டி மாமா வந்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வேப்பமரத்தடியில் நின்று துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, டீச்சர் வெளியே வரும்வரை காத்திருந்தார்.

"நான் ஒண்ணும் சொல்ல வரல டீச்சர். நாடகம் நல்லா நடக்கட்டும். எம்மகன் கால்ல விழுற எடத்துல மட்டும் நானும் மேடைக்கு வருவேன். எனக்கு வசனம் ஒண்ணும் எழுத வேண்டாம்."

அவர் போன பிறகு டீச்சர் என்னைப் பார்த்தார். "தம்பி, என்ன செய்யலாம்?"

"ரெண்டு ராஜாவையும் சண்டையில சாகடிச்சிருவோம்" என்றேன்.

அந்தக் கதைப்படி ஒத்திகை நடந்தது. மேற்கு ஜன்னலில் உக்கிரபாண்டி மாமா, கிழக்கு ஜன்னலில் காளை மாமா. மருது வாளால் குத்துப்பட்டு உடனே விழுந்தான். நல்ல நடிகன். சோலை விழுவதற்கு முன் தரையில் சுத்தமான இடம் பார்த்தான். காலையில்தான் அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள்.

மேற்கு ஜன்னல் கேட்டது: "அவன் ஏன் பெறகு சாகுறான்?"

கிழக்கு ஜன்னல் சொன்னது: "உசுரு கெட்டி. நாங்க என்ன செய்ய?"

அத்தோடு போர் ரத்தானது. நான்காவது கதையில் இரண்டு ராஜாக்களும் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரே சிம்மாசனத்தில் இருவரும் உட்கார முடியாது என்பதால் ஐந்தாம் வகுப்பு பெஞ்சு சிம்மாசனமானது. பெஞ்சுக்கு வலது பக்கம், இடது பக்கம் என்று இரண்டு உண்டு என்பதை உக்கிரபாண்டி மாமா கண்டுபிடித்தார். அதனால் பாதி நாடகத்தில் ராஜாக்கள் எழுந்து இடம் மாற வேண்டும். அதற்கு நான் ஒரு வசனம் எழுதினேன்: "வெயில் முகத்தில் அடிக்கிறது மன்னா, இடம் மாறி அமர்வோம்." அரண்மனைக்குள் வெயில் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மரியாதைக்குக் குறைவில்லாத வெயிலாக இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

கிரீடம் சோப்பு அட்டைப்பெட்டியை வெட்டி, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஜிகினாத்தாளை ஒட்டிச் செய்தது. காளை மாமா நூல் கொண்டு வந்து இரண்டு கிரீடத்தின் உயரத்தையும் அளந்து பார்த்தார். பிறகு உக்கிரபாண்டி மாமா வேறு நூல் கொண்டு வந்து அளந்தார். அவருக்குக் காளை மாமாவின் நூல்மேல் நம்பிக்கை இல்லை.

சரி, ஊர் அடங்கிவிட்டது என்று நினைத்த அன்று பாண்டியம்மாள் அத்தை வந்தார். பஸ் நிற்கிற இடத்தில் இட்லிக்கடை வைத்திருப்பவர். இரண்டு தெருவுக்கும் பொதுவானவர், இரண்டு தெருவும் அவரிடம் பாக்கி வைத்திருந்ததால் யாருக்கும் பயப்படாதவர். அவருடைய மகள் ஜெயக்கொடிக்கு ராணி வேஷம்.

"ஏன் டீச்சர், எம்மக ஒருத்தி ராணி. ராசா ரெண்டு பேரு. எந்த ராசாவுக்கு ராணின்னு கடைக்கு வாரவன் பூராம் கேக்குறான். நான் இட்லியப் பாப்பனா, இதுக்குப் பதில் சொல்லுவனா?"

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு என்ன செய்யலாம்க்கா?"

"ரெண்டு பேருல யாருக்குன்னு சொன்னாலும் அடிதடி. ரெண்டு பேருக்கும்னா என்னையச் சாதியில சேக்க மாட்டாய்ங்க."

"அப்ப அவளையும் ராஜா ஆக்கிருவோம்."

"மீசை?"

"வச்சிரலாம்."

"வையிங்க. அவ அப்பனுக்குத்தான் சரியா வளரல."

இதுதான் நாங்கள் செய்த தவறு. ஜெயக்கொடி ராஜா ஆன செய்தி பரவியதும், சேவகர்களின் பெற்றோர்கள் வந்தார்கள். பொம்பளைப் பிள்ளையே ராஜா என்றால் என் மகன் மட்டும் ஈட்டி பிடிக்க வேண்டுமா? மந்திரியின் அப்பா வந்தார். மந்திரி என்றால் ராஜாவுக்குக் கைகட்டி நிற்கிறவன்தானே? தளபதியின் அம்மா வந்தார். எல்லோரும் ஞாயமாகவே கேட்டார்கள். இரண்டே நாளில் நாட்டில் பதினேழு ராஜாக்கள் ஆகிவிட்டார்கள். ஆளப்படுவதற்குத்தான் ஆள் இல்லை.

வாயில்காப்போன் வேஷத்தைக் கண்ணுச்சாமி வாத்தியார் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். "வாசப் பக்கத்துலதான நிக்கணும்? எனக்கு அதுதான் வசதி" என்றார். சாமரம் வீசுகிற பெண் சீதாலட்சுமி டீச்சர். குடிமக்கள் வேண்டுமே என்று பேச்சு வந்தபோது காளை மாமா என் தோளில் கை வைத்தார்.

"மாப்ள, நீ காலேசுல படிக்கிறவன். ஒனக்கென்ன மரியாத கெடக்கு? நீ இருந்துக்க."

உக்கிரபாண்டி மாமா தலையசைத்தார். என் விஷயத்தில் இரண்டு தெருவுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

விழா மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. வாடகை நாற்காலி கிடையாது. ஊர் முழுக்க ஜமுக்காளத்தில். நாற்காலி ஒன்றே ஒன்று, இன்ஸ்பெக்டருக்கு. அவருக்கு மாலை போடுவது யார் என்பதற்குப் பாண்டியம்மாள் அத்தை வழி சொல்லியிருந்தார்: நீளமாக ஒரே மாலை, ஆளுக்கு ஒரு முனை. உக்கிரபாண்டி மாமாவும் காளை மாமாவும் கயிறு இழுக்கிறவர்கள் போல ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வர, நடுவில் இன்ஸ்பெக்டர் தானாகக் குனிந்து தலையைக் கொடுத்தார். அனுபவஸ்தர்.

நாடகம் தொடங்கியது. கண்ணுச்சாமி வாத்தியார் வாசலில் நின்று, "ராஜாதி ராஜர்கள் அனைவரும் வருகிறார்கள்" என்று பொதுவாக அறிவித்தார். ராஜாக்கள் முன்பின் இல்லாமல் நாலு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் மேடைக்கு வந்து, ஒருவர் மேல் ஒருவர் முட்டி, வட்டமாக நின்றார்கள். வசனத்தை எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள். வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் மழையைப் பற்றிப் பேசினார்கள். டீச்சர் வட்டத்துக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி ஓடி எல்லோருக்கும் சமமாகச் சாமரம் வீசினார். மருதுவும் சோலையும் வெயில் அடிக்கிறது என்று சொல்லி இடம் மாறினார்கள். மேலத்தெரு கைதட்டியது. கீழத்தெரு கைதட்டியது.

பிறகு குடிமகன் ராஜாக்களை வணங்கும் காட்சி. யாரை முதலில் வணங்கினாலும் நான் மதுரை போய்ச் சேர மாட்டேன் என்பதால் டீச்சரும் நானும் ஒரு முடிவு செய்திருந்தோம். நான் மேடையில் படுத்து, வட்டத்துக்குள்ளேயே அங்கப்பிரதட்சிணம் செய்தேன். உருளுகிறவன் எங்கே ஆரம்பித்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கோயில் பூட்டிய பிறகு அவர்கள் பார்க்கிற முதல் அங்கப்பிரதட்சிணம்.

நான் உருண்டதைப் பார்த்துப் பயந்து மூன்றாம் வகுப்பு ராஜா ஒருவன் அழுதான். அவன் அம்மா ஜமுக்காளத்திலிருந்து எழுந்து வந்து, மேடையேறி, அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து அம்மாக்கள் ஏறினார்கள். ராஜமாதாக்கள் என்று வைத்துக்கொண்டோம். சுற்றறிக்கை கேட்ட பங்கேற்பு இதைவிட அதிகமாக எந்த ஊரிலும் நடந்திருக்காது.

நாடகம் முடிந்தது. ஒரு கல் விழவில்லை. உக்கிரபாண்டி மாமாவும் காளை மாமாவும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து வெற்றிலை எடுத்தார்கள். டீச்சர் மேடை ஓரத்தில் சாமரத்தோடு நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒத்தக்கடை தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் மைக்கைப் பிடித்தார். சமத்துவத்தை இவ்வளவு எளிமையாகச் சொன்ன நாடகத்தை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். பொதுஜனத்தின் துயரத்தை உருண்டு காட்டிய இளைஞரைப் பாராட்டினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மைக்கைப் பிடித்தவர்கள் நிறுத்துவதில்லை.

"இப்படிப்பட்ட டீச்சரை ஒத்தக்கடைக்கு அனுப்ப எனக்கு மனசே வரல" என்றார்.

ஜமுக்காளம் அசைந்தது. முதலில் எழுந்தவர் உக்கிரபாண்டி மாமா.

"ஐயா, என்ன சொல்றீக? டீச்சர் எங்க போகுது?"

"அவங்க மாறுதல் கேட்டிருக்காங்க."

"அதெல்லாம் முடியாது. இந்தப் பிள்ளைகள இம்புட்டு மரியாதையா நடத்துன டீச்சர் வேற எங்க கெடைக்கும்? டீச்சர் போகக் கூடாது."

காளை மாமா எழுந்தார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"நான் சொல்ல வந்ததத்தேன் அண்ணன் சொல்லிருச்சு" என்றார்.

அண்ணன். ஆறு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. இரண்டு தெருப் பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். உக்கிரபாண்டி மாமா தன் வெற்றிலையில் பாதியைக் கிழித்துத் தம்பிக்குக் கொடுத்தார். பங்காளிகள் சேர்ந்துவிட்டார்கள். சேர்ந்து டீச்சரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஊரே ஒண்ணாச் சேந்து மகஜர் எழுதிக் குடுத்தா நான் என்ன செய்ய முடியும்? இங்கயே இருக்க வேண்டியதுதான்" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

கண்ணுச்சாமி வாத்தியார் வாயில்காப்போன் வேஷத்தோடு ஓடி வந்து மேஜையில் காகிதத்தை விரித்தார். டீச்சர் போய்விட்டால் ஐந்து வகுப்பையும் அவர்தான் பார்க்க வேண்டும். அவர் அவ்வளவு வேகமாக எழுதி அதுவரை யாரும் பார்த்ததில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. 'ஆண்டிக்கரைப்பட்டிப் பொதுமக்களும் பெற்றோர்களும் ஏகமனதாக' என்று தொடங்கியிருந்தார்.

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த சாமரம் கீழே கிடந்தது. உதடு அசைந்தது. தன் பாஷையில் அந்த இரண்டு வார்த்தை. வழக்கத்தைவிட அன்று இன்னும் இரண்டு கூடுதலாக இருந்தது.

"தம்பி, ஏதாவது சொல்லு" என்றார் மெதுவாக.

எனக்கோ உருண்டதில் தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு மேஜைக்குப் போனார். உக்கிரபாண்டி மாமா ஒரு பக்கம், காளை மாமா ஒரு பக்கம், நடுவில் மகஜர். டீச்சர் தன் பேனாவின் மூடியைத் திறந்து, இருவருக்கும் சரி நடுவில் நீட்டினார்.

"உங்க அன்புக்கு நான் என்னண்ணே செய்யப் போறேன்" என்றார். "மொதக் கையெழுத்து யாரு போடுறீங்க?"

மைக் செட்காரர் பாட்டுப் போடப் போனவர் இசைத்தட்டின் முள்ளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"அண்ணன் போடட்டும்" என்று காளை மாமா சொல்லியிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். சொல்ல வாய் எடுத்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. அதற்குள் கீழத்தெருவிலிருந்து யாரோ இருமினார்கள். வேறொன்றும் இல்லை, ஒரு இருமல். காளை மாமா வாயை மூடிக்கொண்டார்.

"பெரியவன் நாந்தான" என்றார் உக்கிரபாண்டி மாமா, யாரிடம் என்று இல்லாமல்.

"பெரியவக வீட்டுல பிள்ளை ஒண்ணு. எங்க வீட்டுலருந்து மூணு பிள்ளைக இந்தப் பள்ளிக்கொடத்துல படிக்குது."

"பள்ளிக்கொடம் நிக்கிற எடம் யாரு குடுத்தது?"

"குடுத்தது எங்க தாத்தாவோட பங்கையும் சேத்து."

பாண்டியம்மாள் அத்தை எழுந்து வந்தார். "இப்ப என்ன, மால போட்ட மாதிரி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போடுங்களேன்."

நான் டீச்சரைப் பார்த்தேன். "பேனா ஒண்ணுதான்க்கா இருக்கு" என்றார் டீச்சர். இன்ஸ்பெக்டர் உடனே தன் சட்டைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. காகிதத்தைக் குறுக்கே திருப்பி வைத்தார்கள். இரண்டு பேனா, ஒரே கோடு. இருவரும் குனிந்தார்கள். பேனா முனைகள் காகிதத்தைத் தொடப் போயின.

உக்கிரபாண்டி மாமா நிமிர்ந்தார்.

"எம்பேரு நீளம்" என்றார். "அவன் பேரு வாயத் தெறந்து மூடுறதுக்குள்ள முடிஞ்சிரும். நான் பாதி எழுதயில அவன் போட்டு முடிச்சு எந்திரிச்சு நிப்பான்."

"அதுக்கு நான் என்ன செய்ய? எங்கப்பன் வச்ச பேரு."

"மெதுவாப் போடு."

"நான் எதுக்கு மெதுவாப் போடணும்? எழுதத் தெரியாதவன்னு ஊரு சொல்லவா?"

"அப்ப எம்பேரச் சுருக்கவா? எங்க குலசாமி பேருடா அது."

அண்ணன் முறையும் போயிற்று, தம்பி முறையும் போயிற்று. மேலத்தெரு மேஜைக்கு மேற்கே வந்து நின்றது, கீழத்தெரு கிழக்கே வந்து நின்றது. ராஜாக்கள் எல்லோரும் கிரீடத்தோடு வேப்பமரத்தடிக்குப் போய்க் கோலி ஆட ஆரம்பித்திருந்தார்கள். சோலை அடித்த கோலியை ஜெயக்கொடி மீசையோடு குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. இன்ஸ்பெக்டருக்குப் போன வருடம் நினைவு வந்திருக்க வேண்டும். மாலையைக் கழற்றக்கூட நிற்காமல், மகஜர் மேஜையிலேயே கிடக்க, பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நடையென்று சொல்வது மரியாதைக்காக.

டீச்சர் மட்டும் அவசரப்படவில்லை.

"ஒண்ணும் அவசரமில்லண்ணே. நிதானமாப் பேசி யாருன்னு முடிவு பண்ணுங்க. பேனா இங்கயே இருக்கட்டும்" என்றார். "நான் ஊருக்குப் போயிட்டு வாரேன்."

நான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ்வரை போனேன். ஏறியதும் இன்ஸ்பெக்டருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"மொதக் கையெழுத்து விழாத காகிதத்துல ரெண்டாவது கையெழுத்து விழாது தம்பி" என்றார். பஸ் கிளம்பும்போது அவர் முன் சீட்டைத் தட்டி, "சார், உங்க பேனாவும் அங்கயே தங்கிப்போச்சு. எழுதுறதுக்குக் கண்டக்டர்கிட்ட வாங்கித் தரவா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

மே மாதம் ஆர்டர் வந்தது. மகஜர் கண்ணுச்சாமி வாத்தியாரின் மேஜை டிராயரில் ஏகமனதாக, கையெழுத்து இல்லாமல், இருந்தது. டீச்சர் போன பழியை மேலத்தெரு கீழத்தெரு மேல் போட்டது. கீழத்தெரு மேலத்தெரு மேல் போட்டது. புதிதாக வந்த வாத்தியாரிடம் இரண்டு தெருவும் போய், முதலில் எந்தத் தெரு வழியாக வந்தீர்கள் என்று விசாரித்ததாகக் கேள்வி.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு சிநேகிதனைப் பார்க்க ஒத்தக்கடைக்குப் போனேன். பள்ளிக்கூடம் விட்டு, வாசலில் சீதாலட்சுமி டீச்சர் ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெட்டைப் பின்னல், தோளில் பை. சூடாமணி என்று சொல்லாமலே தெரிந்தது. அம்மாவின் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஒரு காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். டீச்சர் சதை போட்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, 'இரு தம்பி' என்று சைகை காட்டினார். ஒன்றாம் வகுப்பு டீச்சர், சின்ன வயசுப் பெண், அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"சுதந்திர தினத்துக்குச் சின்னதா ஒரு நாடகம் போடுறோம் டீச்சர். நம்ம சூடாமணிக்கு மரம் வேஷம். அசையாம நின்னாப் போதும்."

"மரமா?" என்றார் சீதாலட்சுமி டீச்சர்.

"ஆமா டீச்சர்."

"மொத்தம் எத்தனை மரம்?"

"மூணு."

டீச்சர் மகளை ஒருமுறை குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க சூடாமணி எத்தனாவது மரம்?"

குடிமகன் வேஷத்துக்கு ஆள் தேடுவதற்குள் நான் பஸ் ஏறிவிட்டேன்.